நாற்பது பேருக்கு ஒரே பேனை

கண்டாவளையில் என்னைத் தெரிந்த எவரும் என்னிடம் இரகசியம் சொல்ல மாட்டார்கள். காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் அது தருமபுரம் வரை போய்விடும் என்பது அவர்களுடைய அனுபவம். எனக்கு வாய் நிற்காது. அதை நான் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. அப்படிப்பட்ட நான் ஒரு விஷயத்தை வீட்டிலும் சொல்லாமல் முழுதாக ஒரு கிழமை, ஏழு நாளும், வாய்க்குள் வைத்திருந்தேன். இப்போது சுகம், ஆகவே சொல்லத்தான் போகிறேன். என் மனைவி தர்சினியிடம் கேட்டேன். "எழுதுங்கோ, ஆனா உங்களை வீரனாக்காமல் எழுதுங்கோ" என்றாள். முயற்சி செய்கிறேன்.

எங்கள் விளையாட்டுக் கழகம் ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூட மண்டபத்தில் இரத்ததான முகாம் வைக்கும். ஊருக்கு அது ஒரு சின்னத் திருவிழா. இரத்தம் கொடுத்தவரின் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். நெஞ்சில் ஒரு ஒட்டுப்படம் ஒட்டி, கையில் ஒரு பால் பைக்கற்றும் பிஸ்கற்றும் கொடுப்பார்கள். இரத்தம் போதாது, பிரஷர் கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர் பாடு திண்டாட்டம்தான். அடுத்த முகாம் வரை அவரைக் கண்டால் "தண்ணி இரத்தம் வாறார்" என்பார்கள். ஒட்டுப்படம் இல்லாமல் அந்த மண்டபத்தை விட்டு வெளியே வர ஒருவருக்கும் விருப்பமில்லை.

கழகத்தின் செயலாளர் கஜன் என்னோடு படித்தவன். நெல் வெட்டும் மெசினில் நானும் அவனும்தான் மாறி மாறி ஓடுகிறோம். எதையும் கெதியாக முடிப்பதில் அவனை வெல்ல ஆள் இல்லை. இரத்தம் கொடுக்க முன்பு எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காய்ச்சல் வந்ததா, மருந்து குடிக்கிறீர்களா, வாழ்க்கைத் துணை அல்லாத வேறு யாரோடும் உறவு இருந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். கஜன் முதல் நாளே நாற்பது படிவத்தையும் வாங்கி வந்து, ஒரே பேனையால் எல்லாக் கேள்விக்கும் எல்லோருக்கும் 'இல்லை' போட்டு வைத்துவிட்டான். நாங்கள் கையெழுத்து மட்டும் வைத்தோம். "போன வருசம் இந்தப் படிவத்தாலை ரெண்டு மணித்தியாலம் போனது மச்சான். இந்த முறை பார், பறக்கும்" என்றான். பறந்ததுதான்.

டொக்டர் மேசையிலும் ஒருமுறை கேட்டார்கள். படிவத்தைக் காட்டி, "இதெல்லாம் வாசிச்சுத்தானே சைன் வைச்சனீங்கள்?" என்றார் அந்த இளம் டொக்டர். எனக்குப் பின்னால் ஐந்து பேர் தோளில் தோள் இடிக்க நின்றார்கள். "ஓம் டொக்டர்" என்றேன். வாசிக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று இடறியது. இடறவில்லை என்று எழுதினால் அது பொய்.

பிறகு நடந்ததுதான் ஊரைக் கலக்கிய விஷயம். என் விரலில் எடுத்த இரத்தத்தை வகை பார்த்த தாதி, இன்னொரு தாதியைக் கூப்பிட்டுக் காட்டினார். "தம்பி, நீங்கள் ஓ நெகற்றிவ். உங்களுக்குத் தெரியாதோ?" என்றார். என் லைசென்ஸில் ஓ என்று எழுதியிருந்தது தெரியும். பக்கத்தில் இருந்த சின்னக் கழித்தல் கோட்டை நான் இவ்வளவு நாளும் அழுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். கிடைக்க அரிய வகை, அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றலாம் என்று அவர் விளங்கப்படுத்தி முடிக்க முன்பே கஜன் மைக்கைப் பிடித்துவிட்டான். அன்று பின்னேரம் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தர்சினிக்கு மூன்று தரம் சொன்னேன். அவள் அப்போது பத்துக் கிழமைக் கர்ப்பிணி. வாயில் தேசிக்காய்த் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, "சரி, அரிய மனுசன், அந்தக் குப்பைவாளியைக் கொண்டுபோய்க் கொட்டுங்கோ" என்றாள்.

இரண்டு கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. இரத்த வங்கியில் இருந்து பேசுகிறோம், நீங்கள் தந்த இரத்தம் சம்பந்தமாக ஒருமுறை நேரில் வர வேண்டும் என்றார்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. யாரோ ஒருவருக்கு உயிர் போகப் போகிறது, என் இரத்தம் தேவை, வேறு என்ன? வயலுக்குள் நின்ற கஜனைப் பார்த்துக் கத்தினேன். அவன் மெசினை நிற்பாட்டிவிட்டு கழகத்து வட்சப்பில் ஒரு குரல் செய்தி போட்டான். கால் மணித்தியாலத்தில் மூன்று மோட்டார் சைக்கிளில் ஆறு பேர் கிளிநொச்சிக்குப் புறப்பட்டோம். வழியில் ஒரு கடையில் நிற்பாட்டி, இரத்தம் ஊற வேண்டும் என்று எனக்கு இரண்டு கிளாஸ் நெல்லிக்காய் இரசம் பருக்கினார்கள். அரைக்கைச் சட்டை போட்டுப் போயிருந்தேன், கை மடிக்க நேரம் போகக் கூடாது என்று. அவ்வளவு அவசரம்.

இரத்த வங்கித் தாதி எங்களைப் பார்த்துத் திகைத்துப் போனார். மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். நான் கதிரையில் இருந்து கையை மேசையில் நீட்டினேன்.

"எந்தக் கை மிஸ்? எனக்கு ரெண்டு கையிலயும் நல்ல நரம்பு."

"தம்பி, கையை எடுங்கோ" என்றார். "இண்டைக்கு இரத்தம் குடுக்க இல்லை."

பிறகு மெதுவாகச் சொன்னார். கொடுக்கப்படும் ஒவ்வொரு பை இரத்தத்தையும் சில நோய்களுக்குச் சோதிப்பார்களாம். எச்.ஐ.வி., இரண்டு வகை ஈரல் அழற்சி, மலேரியா, சிபிலிஸ். என் இரத்தத்தில் சிபிலிஸ் சோதனை எதிர்பார்க்காத பதிலைக் காட்டியிருக்கிறது. அது முதற் சோதனை மட்டும்தான், வேறு காரணத்தாலும் சில நேரம் அப்படிக் காட்டும், உறுதி செய்ய இன்னொரு சோதனை வேண்டும் என்றார்.

எனக்குச் சிபிலிஸ் என்ற சொல்லே தெரியாது. "அது என்ன மிஸ், பிரஷர் மாதிரியே?" என்று கேட்டேன். உடலுறவால் தொற்றும் நோய், முந்தி மேகப்புண் என்பார்கள் என்றார். மேகப்புண் தெரியும். சின்ன வயதில் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் ஏசும்போது கேட்டிருக்கிறேன். நெல்லிரசம் தொண்டைக்கு ஏறி வந்தது.

முதலில் கேட்டது, "என்ர இரத்தத்தை ஆருக்கும் ஏத்திப்போட்டியளோ?"

"இல்லைத் தம்பி. சோதினை எல்லாம் முடியாமல் ஒரு பையும் வெளிய போகாது. உங்கட பை போகேல்லை, அழிச்சாச்சு."

இரண்டாவது கேள்வி தர்சினியைப் பற்றியது. அதை நான் கேட்க முன்பு தாதியே கேட்டார்: "கலியாணம் முடிச்சிட்டீங்களோ?"

"ஓம். அவாவுக்குப் பத்து... இப்ப பன்ரெண்டு கிழமை."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இது வயிற்றுப் பிள்ளைக்கும் போகக்கூடிய நோய், ஆனால் நேரத்துக்குக் கண்டுபிடித்தால் தடுக்கலாம், நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள் என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. தர்சினிக்குத் தொற்றிவிட்டதா, பிள்ளைக்குப் போய்விட்டதா? இரண்டே கேள்வி.

வெளியே வந்ததும் ஐந்து பேரும் எழும்பினார்கள். "குடுத்தனியே மச்சான்?"

"இல்லை. பேரைப் பதிய வேணுமாம். தேவைப்பட்டால் கூப்பிடுவினமாம்." வாழ்க்கையில் நான் சொன்ன ஆகக் கட்டையான பதில் அதுதான். கஜனுக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் இன்னொரு கிளாஸ் நெல்லிரசம் வாங்கித் தந்தான்.

அதே ஆஸ்பத்திரியில் பாலியல் நோய்களுக்கு என்று தனிக் கிளினிக் இருக்கிறது. அடுத்த நாள் தனியே போனேன். வாசலில் பெரிய எழுத்தில் பலகை. அந்தப் பலகைக்குக் கீழே போகும் ஐந்து அடி தூரத்தை நான் கடக்க அரை மணித்தியாலம் எடுத்தது. கடக்கும் நேரம் பார்த்து எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பூமணி அக்கா எதிர்ப் பக்கத்து வாங்கில் முழங்கால் வருத்தத்துக்கு மருந்தெடுக்க இருந்துகொண்டு, "ஓ நெகற்றிவ் தம்பி, திரும்பவும் இரத்தம் குடுக்கவே?" என்று முழு விறாந்தைக்கும் கேட்கக் கேட்டா. "ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே பாய்ந்தேன்.

உள்ளே நான் நினைத்த மாதிரி இல்லை. காற்றாடி சுழன்றது, நான்கு பேர் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பெயர் கூப்பிடவில்லை, இலக்கம்தான். டொக்டர் என் அக்கா வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் விழுங்கிக்கொண்டிருக்க, அவரே கேட்டார்: "வெளிநாட்டில இருந்தனீங்களோ? எவ்வளவு காலம்? அங்கை ஏதும் பழக்கம் இருந்ததோ?" நெல் விலை கேட்கிற குரலில் கேட்டார். அந்தக் குரலுக்கே எனக்கு அழுகை வந்தது.

சொன்னேன். கலியாணத்துக்கு முன்பு மூன்று வருடம் வளைகுடா நாடொன்றில் உயரக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. சம்பள நாளில் கூட வேலை செய்தவர்களோடு, காசுக்குப் பெண்கள் இருந்த ஒரு கட்டடத்துக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன். பிறகு ஒரு புண் வந்தது. நோகவில்லை, தானாகக் காய்ந்துவிட்டது. சில மாதத்தில் உள்ளங்கையிலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்தது. வெயில் சூடு என்று நினைத்து வேப்பிலை போட்டுக் குளித்தேன், அதுவும் போய்விட்டது.

"அது போகேல்லை" என்றார் டொக்டர். "ஒளிஞ்சிட்டுது. நோவு இல்லாததாலதான் ஆக்கள் ஏமாறினம். பிறகு வருசக்கணக்கா உடம்புக்குள்ள சத்தமில்லாமல் இருக்கும். நீங்கள் இரத்தம் குடுத்தபடியால் பிடிபட்டுது." எச்.ஐ.விக்கும் தனியாகச் சோதித்தார்கள். இன்னும் இரத்தம் எடுத்தார்கள். அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்கள்.

அந்த ஒரு கிழமைதான் நான் வாய் மூடியிருந்த கிழமை. தர்சினியைத் தொடாமல், ஒதுங்கி இருக்க ஒரு திண்ணையும் இல்லாத வீட்டில் குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்தேன். அவள் சத்தி எடுத்தால் தண்ணீர் கொண்டு ஓடினேன், பிறகு அவளுடைய முகத்தைப் பார்க்க ஏலாமல் கோழிக் கூட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். "என்ன, அரிய இரத்தம் வத்திப்போச்சே?" என்று பகிடி பண்ணினாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை உறுதியாகிவிட்டது. சிபிலிஸ்தான், பழைய தொற்று. எச்.ஐ.வி. இல்லை. கிழமைக்கு ஒன்றாக மூன்று பெனிசிலின் ஊசி, அதோடு இந்த நோய் தீரும் என்றார் டொக்டர். முதலில் கையில் ஒரு துளி போட்டு ஒவ்வாமை பார்த்தார்கள். பிறகு என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். நான் சாரத்தில் இருந்து விழுந்திருக்கிறேன், மெசின் பெல்ற்றில் விரல் நசிந்திருக்கிறது. அந்த ஊசி மருந்து தடித்த பால்மாக் கரைசல் போல ஏறியபோது வந்த நோ வேறு. தாதி, "மூச்சு விடுங்கோ தம்பி, மூச்சு" என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார்.

டொக்டர் கடைசியாகச் சொன்னார்: "மனைவியைச் சோதிக்க வேணும். நாங்கள் அவாவுக்கு உங்கட விஷயத்தைச் சொல்ல மாட்டம். நீங்கள்தான் சொல்ல வேணும். ஏலாட்டி இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ, கூட இருந்து சொல்லலாம்."

நானே சொல்கிறேன் என்றேன். தைரியத்தால் இல்லை. வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கப் புட்டத்தில் இருந்து வந்து, நொண்டி நொண்டிப் படியேற, தர்சினி மா அரித்துக்கொண்டிருந்த அரிதட்டைக் கீழே வைத்துவிட்டு, "விழுந்துபோட்டியளோ? எங்க அடிபட்டது?" என்று ஓடி வந்தாள். அவ்வளவுதான். குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டடம், சம்பள நாள், புண், படிவம், கஜனின் பேனை, ஊசி.

அவள் அழவில்லை. மா அப்பிய கையை வயிற்றில் வைத்தாள்.

"பிள்ளைக்கு?"

"தெரியாது. உமக்கு இரத்தம் எடுத்துப் பாத்தால்தான் தெரியும்."

"நாளைக்குக் காலமை" என்றாள். பிறகு பிட்டை அவிக்கப் போய்விட்டாள்.

அதோடு என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். சாப்பாடு போடுவாள், ஆனால் கோழியைப் பார்த்து, "சோறு மேசையில இருக்காம்" என்பாள். எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு அந்தக் கிழமை இருந்த மதிப்பு எனக்கு இருக்கவில்லை. அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறியவள், தன்னுடைய கைப்பையை எனக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள். கண்டாவளையிலிருந்து கிளிநொச்சி வரை அந்தப் பை என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. எல்லாம் நியாயம்தான் என்று எனக்குத் தெரிந்தது.

டொக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு அரை மணித்தியாலம் கதைத்தார். என்ன கதைத்தார்கள் என்று இன்றைக்கும் அவள் சொல்லவில்லை. இரத்தம் எடுத்தார்கள், பதில் அடுத்த செவ்வாய். வெளியே வந்தபோது அவளுடைய கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல், பூமணி அக்கா இருந்த வாங்கைப் பார்த்துச் சொன்னாள்: "கலியாணத்துக்கு முந்தி நடந்ததுக்கு நான் ஏச மாட்டன். முந்தியே சொல்லாததுக்கு ஏசுவன். ஆனா இப்ப இல்லை. முதல்ல பிள்ளையின்ர பதில் வரட்டும்."

அன்று பின்னேரம் ஊசி போட்ட இடம் கல்லாக வீங்கிவிட்டது. நான் பாயில் குப்புறக் கிடந்தேன். தர்சினி சட்டியில் உப்பை வறுத்து, நான் உடுத்துக் கழித்த பழைய சாரத் துணியில் கட்டி, வாசலில் நின்றபடியே எறிந்தாள். "பிடியுங்கோ. சுடச் சுட வையுங்கோ." என் முதுகில் வந்து விழுந்தது. அந்த உப்பு ஒத்தடத்தின் சூடு எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியாது. இதை வாசித்தால் தெரிந்துகொள்வாள்.

அடுத்த செவ்வாய் நாங்கள் கிளினிக் திறக்க முன்பே வாசலில். எனக்கு இரண்டாவது ஊசி, அவளுக்குப் பதில். டொக்டர் கோப்பைத் திறந்த நேரம் என் காது அடைத்துவிட்டது. அவருடைய வாய் அசைவதுதான் தெரிந்தது. தர்சினி என் கையைப் பிடித்து நசித்தபோதுதான் கேட்டது. தொற்று இல்லை. என்னுடையது பழைய தொற்று, அந்த நிலையில் மற்றவருக்குப் போவது குறைவு என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். ஆனாலும் மூன்று மாதத்தில் திரும்பச் சோதிப்போம், பிள்ளை பிறந்த பிறகும் பார்ப்போம் என்றார். நான் ஊசிக்குப் போய்க் குப்புறப் படுத்துச் சிரித்துக்கொண்டே கிடந்தேன். "இந்த ஊசிக்குச் சிரிச்ச ஆளை இப்பதான் காணுறன்" என்றார் தாதி.

திரும்பி வரும்போது கைப்பை தர்சினியின் மடியில் இருந்தது. பரந்தன் சந்தி தாண்டியதும் ஏசத் தொடங்கினாள். கண்டாவளை வரும்வரை நிற்பாட்டவில்லை. கோழிக்கு இல்லை, எனக்கு. எனக்கு வந்த சந்தோஷத்தில் மோட்டார் சைக்கிளை வாய்க்காலுக்குள் விடப் பார்த்தேன்.

மூன்றாவது ஊசியும் முடிந்தது. ஒரு சதம் கேட்கவில்லை. மூன்று மாதச் சோதனையிலும் தர்சினிக்கு ஒன்றும் இல்லை. என் இரத்தத்திலும் நோயின் அளவு இறங்கி வந்தது. மகள் பிறந்தாள், அவளையும் பார்த்துச் சுகம் என்றார்கள். ஆனால் ஒன்று மாறாது. நான் இனி ஒருபோதும் இரத்தம் கொடுக்க ஏலாது. ஓ நெகற்றிவ் ஆக இருந்தாலும் ஏலாது.

இந்த வருட முகாமுக்குக் கஜன் படிவங்களோடும் அதே பேனையோடும் வந்து என் வீட்டு மேசையில் குந்தினான். நான் பேனையைப் பறித்தேன். அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவனுடைய முகம் வெளிறிவிட்டது. "நான் போட்ட 'இல்லை'யாலையோ மச்சான்?" என்று மூன்று தரம் கேட்டான். நீ போட்டாய், நான் சைன் வைத்தேன், பிழை சரிபாதி என்றேன். அந்த மேசையிலேயே முகாமை மாற்றி எழுதினோம். நாற்பது பேனை வாங்கினோம். ஒரு வகுப்பறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, கதவு சாத்தும். ஆள் ஆளாக உள்ளே போய்த் தங்கள் படிவத்தைத் தாங்களே நிரப்ப வேண்டும். மற்றது, மைக்கில் பெயர் வாசிப்பது இல்லை. இரத்தம் கொடுத்தாலும் திருப்பி அனுப்பினாலும், மண்டபத்தை விட்டு வெளியே வருகிற எல்லோருக்கும் ஒட்டுப்படமும் பால் பைக்கற்றும். யார் கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்று ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. தர்சினி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் பைக்கற் மேசையில் இருந்தாள்.

முகாம் பறக்கவில்லை. பின்னேரம் வரை இழுபட்டது. இரண்டு மூன்று பேர் வகுப்பறைக்குள் அதிக நேரம் இருந்துவிட்டு, டொக்டரோடு தனியே கதைத்துவிட்டு, பால் குடித்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் அவர்களைப் பகிடி பண்ணவில்லை.

கடைசியாக ஒரு படிவம் மிஞ்சியிருந்தது. நான் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன். வேறு யாரோடும் உறவு இருந்ததா என்ற அந்தக் கேள்வி வந்ததும் என் பேனையால் 'ஓம்' போட்டேன். இரத்த வங்கித் தாதி படிவத்தைப் பார்த்துவிட்டு என்னை அடையாளம் பிடித்தார். "உங்களிட்ட எடுக்க ஏலாது எண்டு தெரியும்தானே தம்பி?"

"தெரியும் மிஸ். சரியா நிரப்பிப் பாக்க வேணும் போல இருந்தது."

வாசலில் பூமணி அக்கா நின்றா. "ஓ நெகற்றிவ் தம்பி, குடுத்தனியே?" என்றா, வழக்கம் போல முழு மண்டபத்துக்கும் கேட்க. நான் வாயைத் திறக்க முன்பு தர்சினி எழும்பி வந்து, என் சட்டையில் ஒட்டுப்படத்தை ஒட்டி, கையில் பால் பைக்கற்றைத் தந்தாள்.

"வாசிச்சு நிரப்பிப்போட்டு வந்தவர் அக்கா. குடிக்கட்டும் விடுங்கோ."